கால் பெருவிரல் நகத்தின் மறுபிறப்பு: ஒரு முன்னோட்ட ஆய்வு

பெருவிரல் நகம் பெயர்வதற்குக் கட்டில் கால், வாசற்படி, தெருவில் குழாய் பதித்தவர்கள் விட்டுப்போன கல் ஆகிய மூன்றையும் முதன்மைக் காரணிகளாகக் கொள்வது மரபு. இறுக்கமான ஷூவை நான்காவதாகச் சேர்ப்போரும் உண்டு. இக்கட்டுரை அந்தச் சர்ச்சைக்குள் நுழையாது. நகம் போன பிறகு நடப்பவையே நம் களம். எல்லை, வலது கால் பெருவிரல். இடது காலுக்கு இம்முடிவுகள் பொருந்துமா என்பதை வருங்கால ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இத்துறையின் தொல்காப்பியர் என்று அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீனைச் சொல்லலாம். தம் இடது கைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் கோடு கீறி, அது நுனிக்கு நகர்ந்து வருவதை 35 ஆண்டுகள் கணக்கெழுதி, 1980இல் வெளியிட்டார். முப்பதுகளின் தொடக்கத்தில் நாளுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், அறுபதைத் தாண்டியதும் 0.095 ஆகக் குறைந்தது. அவர் தேர்ந்தது கைவிரலை. குனியாமல் பார்க்கலாம் அல்லவா! கால் நகமோ கை நகத்தின் வேகத்தில் ஏறத்தாழப் பாதிதான் வளரும்: மாதத்துக்குச் சுமார் 1.6 மி.மீ. பெருவிரல் நகம் முழுதாக முளைக்க 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்குள் பிறந்த குழந்தை எழுந்து நடந்துவிடும்.

இந்த நீண்ட காலத்தில்தான் வீட்டில் இரு சிந்தனைப் பள்ளிகள் தோன்றுகின்றன. "தூசி படும், மூடி வை" என்பது அம்மா வழி. "மூடி மூடி வச்சா சீழ் கட்டும், காத்தாட விடு" என்பது அத்தை வழி. இரண்டுக்கும் இடையே மஞ்சள், காபித்தூள், தேங்காயெண்ணெய் என்று கிளைப்பள்ளிகள் பல. காபித்தூளுக்கு ஆதாரம் தேடினேன். டம்ளருக்கு வெளியே அதற்கு வேலையில்லை. மூல வாதங்கள் இரண்டும் சரியே, காலம்தான் வேறு. சதை ஈரமாகச் சிவந்திருக்கும் நாட்களில் சுத்தமான நீரில் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத துணியால் மூட வேண்டும். மேல்தோல் காய்ந்து தடித்ததும் திறந்துவிடலாம். அம்மா முதலில், அத்தை பிறகு.

உண்மையான ஆபத்து மூலையில் இருக்கிறது. மேலே நகம் இல்லாததால் விரல் நுனிச் சதை மேடாக எழும்பி நிற்கும். வளர்ந்து வரும் மெல்லிய நகம் அதில் முட்டி, ஓரம் உள்ளே குத்தும். அப்போது ஊக்கை எடுத்து நோண்டுவதும், மூலையை வளைத்து வெட்டுவதும் நம் தேசிய வழக்கம். கூடாது. கால் நகத்தை நேராக வெட்ட வேண்டும், கூர்முனையை அரத்தால் தேய்க்கலாம், அவ்வளவே. வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் வெட்டக் கூடாது என்ற விதியால் மாதம் ஒன்றரை மி.மீ. வளரும் நகத்துக்கு நஷ்டமில்லை. செவ்வாய்க்கிழமையைச் சேர்த்தாலும் தாங்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த ஆய்வை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். காலில் சிறு காயம் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்களும் வீக்கம், சீழ், விண்விண்ணென்று தெறிக்கும் வலி வந்தால் அத்தையைக் கேட்காமல் கிளம்புங்கள்.