இழுத்துப் பாருங்க

ஜீப்பில் இரும்புப் பெட்டி வைத்தவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால் "இழுத்துப் பாருங்க" என்பார். பாகாலா ஸ்டேஷன் வாசலில் காட்பாடி வண்டியைப் பிடிக்க ஓடுகிறவனைக்கூட விடமாட்டார். தார்ப்பாயைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நிற்பார். நாம் பையைக் கீழே வைத்துவிட்டு இழுக்க வேண்டும். ஒரு கையால் இழுத்தால் கணக்கில் சேராது. "ரெண்டு கையாலயும் இழுங்க சார். காலை பம்பர்ல முட்டுக் குடுங்க." இழுப்போம். ஜீப் ஆடும், பெட்டி ஆடாது. "பாத்தீங்களா?" என்பார். பார்த்தோம். அதற்குள் காட்பாடி வண்டி போயிருக்கும்.

ஆளுக்கு ஆள் இழுப்பு மாறும். கறிக்கடைக்காரர் தம் பிடித்து இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பேப்பர் கேட்டு நிறுத்திய போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தார். பேப்பர் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்ற காரணத்தால். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைப் பையனைக் காபிக்கு முன்பே வாசலுக்கு அழைத்துப்போய் இழுக்க விட்டார். பையன் கெட்டிக்காரன். மூச்சு வாங்கிக் காட்டி, "அசையலையே மாமா" என்றான். அன்றைக்கே நிச்சயம் ஆகிவிட்டது.

பாகாலா சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது 2022இல். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பெட்டி இடப்பக்க வீல் மேட்டிலிருந்து பின்சீட்டின் காலடிக்கு இடம் பெயர்ந்ததை மட்டும் ஊரே மனப்பாடமாகச் சொல்லும்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய மஹிந்திராவுக்குத் தார்ப்பாய்தான் கூரை, தார்ப்பாய்தான் சுவர். பிளேடு வைத்திருப்பவனெல்லாம் அதற்குச் சாவி வைத்திருப்பவன்தான். மாங்காய் சீசனில் தாமலச்செருவு மண்டியில் சரக்கைப் போட்டுவிட்டுப் பணத்தோடு டீ குடிக்க இறங்க முடியுமா? ஒருமுறை ஸ்பேனர் செட் காணாமல் போனது. வேலைக்காரப் பையன் "காணிப்பாக்கம் வாங்க, பிள்ளையார் முன்னாடி சத்தியம் பண்றேன்" என்றான். அங்கே பொய்ச்சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் யாருக்கும் துணிவு வராது. அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டியது. இவர் வெல்டிங் பட்டறைக்குப் போனார்.

வேலை சுத்தமான வேலை, அதை மறுக்க மாட்டேன். 16 கேஜ் தகடு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே நான்கு மூலைக்கும் ஆங்கிள். கீல் வெளியே தெரியாது. தரையில் துளை போடுமுன் ஜீப்புக்கு அடியில் படுத்து, பிரேக் குழாய் எங்கே போகிறது, டீசல் குழாய் எங்கே போகிறது என்று சாக்பீசால் கோடு போட்டார். ஜீப்பின் தரைத்தகடு மெலிசு. வெறும் போல்ட்டை மாட்டி இழுத்தால் தகடு கிழிந்து போல்ட் கையோடு வந்துவிடும். அதனால் அடியில் கனத்த பட்டை ஒன்றைக் கொடுத்து, பெட்டிக்குள்ளிருந்து போல்ட்டை இறக்கி, நட் போட்டு முறுக்கினார். அடியில் நட்டைக் கழற்றப் படுக்கிறவனுக்கும் வேலை இல்லாமல் நட்டின் மேல் வெல்டிங் பொட்டு வைத்தார். சுட்ட இடத்தில் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சொந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அன்றுகூட அவர் அத்தனை நேரம் உட்கார்ந்ததில்லை என்று அவர் மனைவி சொல்லிக் கேட்டேன்.

பூட்டு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தனக்கே கிடைத்த மாதிரி சொல்வார். நல்ல கனம். ரோட்டில் போகும்போது பெட்டியில் மோதி டணார் டணார் என்று அடிக்கும். அதற்காகப் பேரனின் பழைய சாக்ஸ் ஒன்றை அதற்கு மாட்டியிருக்கிறார்.

அதே 2019இல்தான், தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுத்துச் சொன்னேன். "மாத்தினாத்தானே சார்? இது கூடுதலா வெச்சது. நீங்க இழுத்துப் பாருங்க" என்றார்.

பின்சீட்டில் உட்காருகிறவனுக்குக் கால் வைக்க இடமில்லை. முழங்காலைத் தாடையில் முட்டிக்கொண்டு திருப்பதி வரை போகலாம், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. தலக்கோனா போகும் வழியில் ஒரு பையனுக்குக் கதவு நசுக்கி விரலில் ரத்தம். பஞ்சு எங்கே? பெட்டிக்குள். டிங்க்சர்? பெட்டிக்குள். சாக்ஸைக் கழற்றி, இடுப்புக் கொத்தில் சாவியைத் தேடி, மூடிமேல் இருந்த எங்கள் பைகளை ஒவ்வொன்றாக இறக்கி, "அவசரப்பட்டா லீவர் மாட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் திறப்பதற்குள் பையனின் அம்மா புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டுப் போட்டு முடித்துவிட்டாள். தீயணைக்கும் சிலிண்டரும் அதே பெட்டிக்குள்தான் படுத்திருந்தது, சீல்கூடப் பிரிக்காமல். ஜீப் பற்றி எரிந்தால் முதலில் சாவி தேட வேண்டும்.

பணத்தைப் பூட்டுங்கள், ஸ்பேனரைப் பூட்டுங்கள், மண்டி ரசீதைப் பூட்டுங்கள். பஞ்சையும் சிலிண்டரையும் கை எட்டும் இடத்தில் வெளியே வையுங்கள் அண்ணா. அவற்றை எவனும் இழுத்துக்கொண்டு போகமாட்டான்.