கேட்டோரக் கல்வெட்டுகள்: பழவந்தாங்கல் ரயிலடித் தெருக்களில் வண்டி நிறுத்தும் மரபு குறித்து ஓர் ஆய்வு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அந்தத் தடத்தைப் பற்றி எழுதியவர்கள் பெட்டிகளை எழுதினார்கள், கூட்டத்தை எழுதினார்கள், மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்ததையும் எழுதினார்கள். ரயிலேறப் போகிறவர் தம் வண்டியை யார் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போகிறார் என்பதை மட்டும் புலமையுலகம் தொடவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், பரங்கிமலைக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள பழவந்தாங்கல் நிலையத்துக்குக் கிழக்கே, நங்கநல்லூர்ப் பக்கத்துத் தெருக்கள். ஆய்வு நேரம் காலை ஏழு முதல் ஒன்பது வரை. அதற்கு மேல் ஆய்வாளர் நிற்கவும் தெருவில் இடமிருக்காது.

முதலில் நோய்முதல் நாடுவோம். புறநகர் ரயிலில் டிக்கெட் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. சீசன் எடுத்தவருக்கு இன்னும் சல்லிசு. வண்டியை ஸ்டாண்டில் விட்டால் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். தன்னைச் சுமந்து ஓடுகிற ரயிலுக்குக் கொடுப்பதைவிட, நாள் முழுக்க அசையாமல் நிற்கிற வண்டிக்கு அதிகம் கொடுப்பதா என்று நியாய உணர்வுள்ள எந்த நெஞ்சும் கொதிக்கும். கொதித்த நெஞ்சு ஸ்டாண்டைத் தாண்டி அடுத்த தெருவில் இடதுபுறம் திரும்பும். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் 'இலவச நிறுத்தத்தின் பெரும் விலை' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, எழுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு நூல் எழுதினார். நிறுத்துகிறவர் காசு கொடுக்கவில்லை என்றால் அந்தக் காசை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அதன் சாரம். அந்த வேறு யாரோ, இடதுபுறம் திரும்பியதும் முதல் வீட்டில் குடியிருக்கிறார்.

இனிக் கணிதம். சாதாரண ஸ்கூட்டர் ஒன்றின் நீளம் சுமார் 1.8 மீட்டர், அதாவது ஆறடி. தெருவின் அகலம் இருபதடி என்று கொள்க. இருபுறமும் வண்டிகள் மதிலுக்கு முகம் காட்டி நின்றால் பன்னிரண்டு அடி போய்விடும், மிச்சம் எட்டு. விதிகள் லாரிக்கு அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி. எனவே தண்ணி லாரி தெருவுக்குள் நுழையாது என்பது தேற்றம். ஆயினும் கோடையில் அது நுழைகிறது. கணிதத்தை மீறி அது எப்படி நுழைகிறது என்பதைக் கடைசி வண்டியின் இடது கண்ணாடி அறியும்.

ஆய்வின் இதயப்பகுதி, வண்டி நிறுத்தாதே என்று கேட்டிலும் மதிலிலும் காணும் போர்டுகள். இவற்றை மூன்று காலத்தவை எனப் பகுக்கலாம். மிகப் பழையவை மதில்மேல் பெயின்டால் கையெழுத்தாக எழுதப்பட்டவை. சுண்ணாம்பு உதிர உதிர இவை அழிந்துவருகின்றன. இடைக்காலத்தவை கம்பியால் கட்டிய தகரப் பலகைகள். இவற்றின் மேல்பாதியில் தடையாணையும் கீழ்பாதியில் கொடையாளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். கொடையாளிகளில் மனை விற்பவர், வீடு மாற்றித் தருபவர், டியூஷன் நடத்துபவர் எனப் பலர் உண்டு. டிரைவிங் ஸ்கூல்காரரும் உண்டு என்பதே வியப்பு. வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்து வீதியில் இறக்கிவிட்டவர், அதை எங்கும் நிறுத்தாதே என்று ஊர் முழுக்க அறம் செய்திருக்கிறார். பிற்காலத்தவை கணினியில் அச்சடித்து பிளாஸ்டிக் உறையிட்டவை. கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எச்சரிக்கை இவற்றில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. பல வீடுகளில் கேமரா தோன்றவில்லை.

கோயில் கல்வெட்டுகளின் முடிவில் ஓம்படைக்கிளவி ஒன்று வரும். இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவார் என்பது போல. கேட்டோரக் கல்வெட்டிலும் அந்த மரபு அறுபடவில்லை: 'மீறினால் காற்று பிடுங்கப்படும்.' பாவத்தின் அளவு நம் காலத்துக்கு ஏற்பச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் கல்வெட்டில் தண்டனை மறுமையில். இங்கே மாலை ரயிலில் வந்து இறங்கியதும். செயப்பாட்டு வினையின் பயனும் கருதத்தக்கது. காற்றைப் பிடுங்கியவர் இன்னார் என்று ஒரு தெருவிலும் எவரும் ஒப்புக்கொண்டதில்லை. வால்வில் செருகிய தீக்குச்சி மட்டும் கிடைக்கிறது.

இங்கே சட்டத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவில், பிறருக்கு இடைஞ்சலாக வண்டியைப் பொது இடத்தில் விட்டுப்போகக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவான அபராதம் முதல்முறைக்கு 500 ரூபாய். அதே சட்டத்தின் 198ஆம் பிரிவு, நிற்கிற வண்டியை உரிமையோ தகுந்த காரணமோ இல்லாமல் நகர்த்தினாலோ அதன் உறுப்புகளில் கைவைத்தாலோ 1000 ரூபாய் என்கிறது. டயர் வால்வு அந்த உறுப்புகளில் அடங்குமா என்பதில் வழக்கறிஞர்கள் ஒரு பிற்பகலைக் கழிக்கலாம். அடங்கும் என்று கொண்டால், கேட்டை அடைத்தவரைவிடக் காற்றைப் பிடுங்கியவர் இருமடங்கு குற்றவாளி. இந்த உண்மையை எந்த வீட்டுக்காரரிடமும் சொல்லிப் பார்க்க வேண்டாம். ஆய்வாளருக்குக் காபி கிடைத்துக்கொண்டிருந்த ஒரு வீடு அப்படித்தான் கைவிட்டுப் போனது.

சட்டம் கைகொடுக்காத இடத்தில் பொறியியல் வருகிறது. பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் நிரப்பி நடுவில் பைப் நட்டது, வெள்ளையடித்த கருங்கல், உடைந்த நாற்காலி, துளசி பட்டுப்போன தொட்டி ஆகியவை காலை ஆறு மணிக்கே காவலுக்கு வந்துவிடும். நிலையான அரண் ஒன்றும் உண்டு: கேட்டுக்கு வெளியே இறங்கும் சிமென்ட் சரிவு. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டுப்போட்டு நம் தெருக்கள் உயர்ந்தன. மழைநீர் உள்ளே வராதிருக்க வீட்டுக்காரர் தரையை அதைவிட உயர்த்தினார். உயர்ந்த தரையிலிருந்து தெருவுக்கு இறங்கச் சரிவு தேவைப்பட்டது. சரிவு தெருவுக்குள் நீண்டது. அதில் சைடு ஸ்டாண்டு போட்ட வண்டி, தடையாணை எதுவும் படிக்காமலே சாய்ந்துவிடும்.

மதிலை முற்றுவதையும் மதிலைக் காப்பதையும் தொல்காப்பியர் உழிஞை என்ற ஒரே திணைக்குள் வைத்தார். பின்வந்த ஐயனாரிதனார் காப்பதை நொச்சி எனத் தனித் திணையாக்கினார். பழவந்தாங்கல் களச்சான்று முழுவதும் தொல்காப்பியர் பக்கமே நிற்கிறது. "தம்பி, கேட்டை மறைக்காதப்பா, வண்டி எடுக்கணும்" என்று காலையில் மதில் காத்த பெரியவர், பத்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போகிறார். அங்கே ஒரு கேட்டின் முன்னால் நிறுத்துகிறார். உள்ளிருந்து குரல் வருகிறது. "அஞ்சே நிமிஷம் சார், இதோ வந்துட்டேன்" என்கிறார். அஞ்சு நிமிஷம் என்பது நிறுத்துவோர் மரபில் ஒரு பந்தி சாப்பாட்டிலிருந்து ஒரு முழு அலுவலக நாள் வரை நீளும் கால அளவு.

அவர் எடுக்க வேண்டும் என்று சொன்ன வண்டியைப் பற்றியும் ஒரு குறிப்பு. கேட்டுக்கு உள்ளே போர்ட்டிகோவில் பழைய வாஷிங் மெஷினும் கட்டுக்கட்டாகச் செய்தித்தாளும் இருக்கின்றன. கார் வெளியே, எதிர்வீட்டு மதிலோரம், உறை போட்டு நிற்கிறது. மகன் அமெரிக்கா போகுமுன் வாங்கியது. பொதுவாகக் கார் தன் வாழ்நாளில் நூற்றுக்கு 95 பங்கு நின்றுகொண்டேதான் இருக்கிறது என்பது ஷூப் புகழ்பெறச் செய்த கணக்கு. இந்தக் கார் மிச்சம் ஐந்தையும் வென்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அதற்கு நேரே ஒரு தகரப் பலகை மாட்டியிருக்கிறார். கொடையாளி அதே டிரைவிங் ஸ்கூல்.

ஜப்பானில் 1962ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் உண்டு. கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடமிருக்கிறது என்று காவல்துறையிடம் சான்று பெற வேண்டும். இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கே அது வந்தால் ஆளாளுக்கு நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் வாசலைக் காட்டிச் சான்று வாங்கிவிடுவார்கள். முப்பத்திரண்டு அடி உயரத்திலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் நடுவில் தெரு இயங்குகிறது என்பதுதான் விளக்கப்பட வேண்டிய புதிர். விடை மூலையில், வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியில் இருக்கிறது. ரயிலுக்கு ஓடுகிறவர்களிடம் அந்த அண்ணன் சொல்லும் விதி ஒன்றே: "ஹேண்டில் லாக் போடாம போ சார்." எந்த வீட்டு கேட் திறந்தாலும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்து வண்டிகளை உருட்டி வழிவிடுகிறார், கேட் மூடியதும் பழையபடி உருட்டி வைக்கிறார். லாக் போட்டவர்களின் வண்டிக்கு அவர் பொறுப்பில்லை. மாலையில் காற்றில்லாமல் நிற்பவை பெரும்பாலும் அவை. வீட்டுக்காரர்கள் அவருக்கு டீ கொடுக்கிறார்கள், வண்டிக்காரர்கள் சட்டையைக் கொடுக்கிறார்கள். 198ஆம் பிரிவு கேட்கும் 'தகுந்த காரணம்' இதைவிட எங்கே கிடைக்கும்?

அவருடைய இஸ்திரி வண்டி வருடக்கணக்கில் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. அதற்கு மோட்டார் இல்லாததால் மேற்படி சட்டம் அதைத் தொடாது. பின்னால் இருக்கும் மதிலில் தகரப் பலகை ஒன்று இருப்பதாகத் தெரிகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியவில்லை. தேய்த்த வேட்டி ஒன்றை அதன்மேல் தொங்கவிட்டிருக்கிறார்.