மூன்று சக்கர ஒலியியல்: ஓர் அறிமுகம்

ஆட்டோவில் பாட்டு செட் போடுவது திறந்தவெளி ஒலியியலின் ஒரு கிளை. மேலே கூரை, பக்கங்களில் சுவர் கிடையாது, பின்னால் எஞ்சின், அடியில் தமிழகச் சாலை என்ற நான்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு இசையைக் காதில் சேர்ப்பதே இதன் இலக்கு. கல்யாண மண்டபத்துக்கும் தியேட்டருக்கும் காருக்கும் ஒலியமைப்பு நூல்கள் ஏராளம். ஆட்டோவுக்கு அவற்றில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை. இத்துறையின் அறிவு சென்னையில் ரிச்சி தெரு, ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை ஆகிய இடங்களிலும், பிற ஊர்களில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளிலும் வாய்மொழியாகவே வழங்கிவருகிறது.

ஆட்டோவில் ஒலிக்கும் பாட்டுக்குக் கேட்போர் மூவர்: ஓட்டுநர், பயணி, தெரு. ஓட்டுநர் விரும்பிக் கேட்கிறார். பயணி காசு கொடுத்துக் கேட்கிறார். தெரு இரண்டும் இல்லாமல் கேட்கிறது. மூவருக்கும் ஒரே ஒலியைத் தர முடியாது என்பதில் இத்துறையின் சிக்கல்கள் அனைத்தும் தொடங்குகின்றன.

காரோடு ஒப்பிட்டால் ஆட்டோவுக்கு ஒரு குறையும் இரண்டு நிறைகளும் உண்டு. குறை, தாழ்சுருதி ஒலி தங்காது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். ஆட்டோவின் நீளமோ 3 மீட்டருக்கும் குறைவு. கண்ணாடி ஏற்றிய காரும் அந்த அலைநீளத்தைவிடச் சிறியதே என்றாலும், மூடிய அறையாக இருப்பதால் ஸ்பீக்கரின் கூம்பு நகர்வதற்கேற்ப உள்ளேயுள்ள காற்றழுத்தமே ஏறி இறங்குகிறது. சின்ன உஃபர்கூடப் பெரிய மனிதத் தோரணை காட்டும். ஆட்டோவில் அந்த அழுத்தம் இரண்டு பக்கமும் இறங்கிப் போய்விடுகிறது. கட்டணமும் கொடுப்பதில்லை.

நிறைகளில் முதலாவது, எதிரெதிர்ச் சுவர் இல்லாததால் பக்கவாட்டில் ஒலி மோதித் திரும்பி முணுமுணுக்காது. இரண்டாவது இன்னும் அரியது. கார் ஓட்டுபவர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார். வலது ஸ்பீக்கர் அருகில், இடது ஸ்பீக்கர் தொலைவில். இதைச் சரிக்கட்ட விலையுயர்ந்த கருவிகள் ஒரு பக்க ஒலியை மில்லிசெகண்ட் கணக்கில் தாமதப்படுத்துகின்றன. ஆட்டோ ஓட்டுநரோ நட்டநடுவில் அமர்கிறார். ஸ்டீரியோ இசைக்குப் பொறியாளர்கள் பரிந்துரைக்கும் ஆசனம் அதுவே. பெரிய விலைக் கார்களுக்கு வாய்க்காத இந்தப் பேறு பெட்ரோல் ஆட்டோவுக்கும் கேஸ் ஆட்டோவுக்கும் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது.

கிடைத்தும் பயனில்லை, ஏனெனில் ஸ்பீக்கர்கள் பின்னால் வைக்கப்படுகின்றன. பின்சீட்டுக்கு மேலே, பயணியின் இரு காதுகளுக்கும் பின்னால், ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர் ஒரு ஜோடி என்பதே பரவலான மரபு. இடம் அங்கே இருக்கிறது என்பதைத் தவிர இந்த மரபுக்கு வேறு காரணம் சொல்ல முடியாது. விளைவைக் கணக்கிடலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். பயணியின் காது ஸ்பீக்கரிலிருந்து கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. ஓட்டுநரின் காது ஒரு மீட்டருக்குக் குறையாமல். கால் அரையாகி, அரை ஒன்றாகும்போது இரண்டு இரட்டிப்பு. வித்தியாசம் 12 டெசிபல். திறன் அளவில் இது பதினாறு மடங்கு. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றும். ரெக்சின் கூரை இந்தக் கணக்கைச் சற்று மாற்றலாம்; நீதியை மாற்றாது.

ஆக, ஓட்டுநர் தமக்கு அளவாக வைக்கும் ஒலி பயணிக்கு அடி. பயணிக்கு அளவான ஒலி ஓட்டுநருக்கு எட்டாது. “அண்ணா, சவுண்டைக் கொஞ்சம் கொறைங்களேன்” என்ற வேண்டுகோளுக்கு, “கம்மியாத்தான் சார் இருக்கு” என்று வரும் பதில் நெடுங்காலமாகப் பொய் என்றோ திமிர் என்றோ வகைப்படுத்தப்பட்டுவந்திருக்கிறது. அவர் இருக்கையில் கம்மியாகத்தான் இருக்கிறது. இருவரும் உண்மை பேசுகிறார்கள்; ஸ்பீக்கரின் இடம்தான் தவறு.

வேண்டுகோள் ஏற்கப்பட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஒலி குறையும்போது மனிதக் காது தாழ்சுருதியை மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டினர். சத்தத்தைக் குறைத்ததும் தபேலா முதலில் காணாமல்போகும், பாட்டு உப்புச்சப்பில்லாமல் ஆகும். ஓட்டுநர் உடனே ‘லவுட்னஸ்’ பொத்தானை அமுக்குவார். அது வெட்டுப்பட்ட தாழ்சுருதியை ஏற்றித் தருவதற்கென்றே அமைந்தது. பயணி தாம் வென்றதாக நினைத்துச் சாயும் கணத்தில் முதுகில் குத்து விழுவது இதனால்தான்.

தாழ்சுருதிக்கு இன்னொரு பகை எஞ்சின். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடினால் அதன் அடிப்படைச் சுருதி 30 ஹெர்ட்ஸ். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். அதே வேகத்தில் 60 ஹெர்ட்ஸ், அதாவது பேஸ் கிட்டார் குடியிருக்கும் அதே தெரு. தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மூடி மறைக்கும் அளவுக்கு, உயர்ந்த ஒலி கீழுள்ளதை மறைப்பதில்லை. எனவே ஓட்டத்தில் எஞ்சின் பாட்டை விழுங்குகிறது. ஓட்டுநர் சத்தத்தை ஏற்றுகிறார். சிக்னலில் எஞ்சின் அடங்குகிறது. ஏற்றிய சத்தம் அப்படியே நிற்கிறது. மூன்றாம் வகைக் கேட்போரான தெரு அறிமுகமாவது அங்கேதான். மின்சார ஆட்டோவில் இந்தப் பகை இல்லை. ஆனால் அதுவரை எஞ்சின் மறைத்துவைத்திருந்த நம்பர் பிளேட், கூரைக் கம்பி, கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றின் கடகடப்பு பாட்டோடு சேர்ந்து வெளிப்படும்.

அடுத்தது வாட். செட்டின் முகப்பில் ‘4 × 50 வாட்’ என்று அச்சிட்டிருக்கும். இதை அறிவியல் கூற்றாகக் கொள்ளாமல் வாழ்த்துச் செய்தியாகக் கொள்வது நல்லது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் அதிகபட்சம் 14.4 வோல்ட். ஒரு சேனலின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் ‘பிரிட்ஜ்’ முறையில்கூட, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத ஒலியாகப் போகக்கூடியது 26 வாட். வழிச்சேதாரம் போக 20 வாட் தேறினால் நல்ல செட். உள்ளூர்க் கடைகளில் பல்லாண்டுகள் கோலோச்சிய 4440 போர்டு இந்த விஷயத்தில் நேர்மையானது. சான்யோவின் அந்த ஐ.சி. தன் கையேட்டிலேயே சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜில் 19 வாட் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் எண்கள் ஒலியியலில் சேரா, புனைவிலக்கியத்தில் சேரும்.

உண்மையிலேயே கூடுதல் வாட் வேண்டுமென்றால் வோல்ட்டை உள்ளுக்குள் உயர்த்திக்கொள்ளும் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பேட்டரியிலிருந்து மின்னோட்டமும் அதற்கேற்ப இழுக்கப்படும். 200 வாட் இழுத்தால் ஏறத்தாழ 17 ஆம்பியர். ஆட்டோவின் பேட்டரியும் சார்ஜிங்கும் ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் ஆகிய குடும்பத்தை மனத்தில் வைத்து அமைந்தவை. இந்த விருந்தாளியை எதிர்பார்த்தவை அல்ல. உஃபர் குத்தும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி எழுவதைச் சிலர் ஒளியலங்காரமாகக் கருதுகின்றனர். அது பேட்டரியின் முனகல். டி வகுப்பு ஆம்ப் வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியை ஒலியாக்க அனுப்பும். ஏபி வகுப்பு ஏறத்தாழப் பாதியை வெப்பமாக்கிச் சீட்டுக்கடியில் விடும். சித்திரை மாதத்தில் எதைத் தேர்வது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. 17 ஆம்பியர் ஓடும்போது, போக வர 4 மீட்டர் நீளமுள்ள ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தின்றுவிடும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சேதம் சுமார் 0.3 வோல்ட். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஆம்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஆம்ப் மட்டும் பத்திரமாக இருக்க, நடுவழியில் கம்பி தேய்ந்து பாடியில் பட்டால் வண்டி எரியும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பாட்டுக்குள் ‘கீய்ங்’ என்று ஏறும் ஒலி இசையமைப்பாளருடையது அல்ல. எர்த் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். எல்லா எர்த்தையும் ஒரே புள்ளியில் சேர்த்தால் அடங்கும்.

இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் கம்பி மாறிப் போயிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்சுருதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். பாசிட்டிவைப் பாசிட்டிவோடு தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யாதவர் பேஸ் பத்தவில்லை என்று முடிவுகட்டி இன்னும் பெரிய உஃபர் வாங்குவார். கடைக்காரர் அவரைத் திருத்துவதில்லை.

உஃபர் வைக்கும் பெட்டியைப் பொறுத்தவரை இரு மரபுகள் உண்டு. மேலை மரபில், சுருள் அசையும் ஸ்பீக்கரை 1925இல் ரைசும் கெல்லாக்கும் விளக்கிய பின், எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதை ஆஸ்திரேலியாவில் நெவில் தீலே 1961இலும் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மாலும் கணிதமாக்கினர். தமிழ் மரபு மண்பானை. உஃபரைப் பானை வாயில் கவிழ்த்து வைத்தால் பேஸ் கனக்கும் என்பதை டீக்கடைகளும் வீடுகளும் செய்து காட்டின. வயிற்றுக் காற்றும் கழுத்துக் காற்றும் சேர்ந்து ஒரு சுருதியில் ஒத்ததிர்வதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். பானைக்கு ஒரே குறை, எந்தப் பாட்டு வந்தாலும் தன் ஒரு சுருதியையே அது வலியுறுத்தும். ஆட்டோவுக்கு இரண்டாவது குறையும் உண்டு: வேகத்தடை. எனவே இங்கே பிளைவுட்டே வென்றது. 18 மில்லிமீட்டர் மெரைன் பிளை நல்லது, எம்.டி.எஃப். பலகை ஐப்பசி மழையில் ஊறி, கார்த்திகைக்குள் இட்லியாக உப்பிவிடும். கூம்பு காகிதமாக இல்லாமல் பாலிப்ரொப்பிலீனாகவும், விளிம்பு ஃபோமாக இல்லாமல் ரப்பராகவும் இருக்கட்டும். பெட்டியின் அளவை நிர்ணயிப்பது தீலேயின் சமன்பாடா, சீட்டுக்குப் பின்னால் உள்ள இடமா என்ற கேள்விக்கு ஆசாரி எப்போதும் இரண்டாவதையே தேர்கிறார்.

சட்டம் சுருக்கமானது. ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியின் சுற்றுப்புற ஒலி பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே 50, 40. பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் சவாரி இறக்குபவர் இதை மனப்பாடம் செய்யலாம்.

இனிப் பரிந்துரை. ஸ்பீக்கரை ஓட்டுநருக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். ஹேண்டில்பாருக்கு இரு பக்கமும், முன்கண்ணாடிக்குக் கீழே, முகம் நோக்கிச் சாய்த்து, நான்கு அங்குலத்தில் இரண்டு. தூரம் அரை மீட்டராகச் சுருங்குவதால் 20 வாட் தாராளம். தனி ஆம்ப் வேண்டாம், பேட்டரி தப்பும், நடு ஆசனத்துக்கு உரிய ஸ்டீரியோவும் முதன்முறையாகக் கிடைக்கும். பயணிக்கு மிச்சம்மீதி போய்ச் சேரும், அது போதுமானது. இவ்வளவுக்குப் பிறகு பின்சீட்டுக்குப் பின்னாலுள்ள உஃபர் பெட்டியைக் கழற்றிவிடலாம். அந்த இடம் பயணியின் சூட்கேஸுக்காக விடப்பட்டது.