முன்வரிசைக்காரர்

புதுக்கோட்டை டவுனில் ராஜவீதிகள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எந்த முக்கில் திரும்பினாலும் ஒரு டீக்கடை இருக்கும். டீக்கடை இருந்தால் பெஞ்சில் ஒரு முன்வரிசைக்காரர் இருப்பார். வயது ஐம்பத்தைந்துக்கு முன்னே பின்னே. கிளாஸைப் பிடிக்காத கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். எப்போதும் ஆதி தாளம்தான். கடை ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டு வேறு தாளத்தில் இருந்தால் அது பாட்டின் தப்பு.

யாராவது வாய் தவறி ஒரு பாடகர் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். தாளம் நிற்கும், கிளாஸ் கீழே இறங்கும்.

"அவரா? அவரு கச்சேரிக்கு நான் முன்வரிசை."

அவர் எந்தக் கச்சேரியிலும் பின்வரிசையில் உட்கார்ந்ததாக வரலாறு கிடையாது. நம்மூர்த் திருவிழா மேடைகளை அறிந்தவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். முதல் வரிசையில் போடுவது இருபது, முப்பது நாற்காலி. அதில் விழாக் குழு, நன்கொடையாளர், ஸ்டேஷன்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று போக மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ, அதிலும் ஒன்றுக்குக் கால் இருக்காது. முன்வரிசையில் இருந்தேன் என்று இன்று சொல்பவர்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்தால் திருவப்பூரில் தொடங்கும் வரிசை திருக்கோகர்ணம் தாண்டிப் போகும்.

அவருடைய ஆஸ்தான கதை 1988-இல் நடக்கிறது. திருவப்பூர் முத்துமாரியம்மனுக்கு மாசித் திருவிழா. ஆர்கெஸ்ட்ரா மேடை, இரண்டு பாட்டு முடிந்திருக்கிறது. மூன்றாவது பாட்டில் சரணத்துக்கு நடுவே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் பரோட்டா சாப்பிடப் போயிருந்தார். பாடகர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறுந்தொண்டையில் பாடினார். தபேலாக்காரர் மட்டும் கூட நின்றார். கூட்டம் அப்படியே உறைந்துபோய்க் கேட்டது. "அந்த இருட்டுல அவரு கண்ணுல தண்ணி வந்ததை நான் பாத்தேன்" என்று முடிப்பார். இருட்டில் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. முன்வரிசையாயிற்றே.

சொந்த நினைவோடு நிறுத்திக்கொள்கிற ஆள் அல்ல அவர். பரம்பரைச் சொத்தாக வந்த நினைவுகளும் உண்டு. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை பற்றிய பேச்சு அந்த வகை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் மேதை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை பக்கவாத்தியங்களை மேடை நிறைய உட்கார வைத்துப் பாடிய 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளில் கஞ்சிராவோடு அமர்ந்தவர். காலமானது 1936-இல். நம்மவர் இதை மூன்று தவணையாகச் சொல்வார். முதல் டீயில், "எங்க தாத்தா கேட்டிருக்காராம்." இரண்டாவது டீயில், "எங்க வீட்டுல கேட்டிருக்கோம்." மூன்றாவதில், "அந்தக் கஞ்சிராவைக் கேட்ட காதுய்யா இது." கணக்குப் போட்டால் அந்தக் காதுக்கு இப்போது நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் விஷயம் பொய்யல்ல என்பதுதான் இதில் சங்கடம். கஞ்சிரா என்கிற கச்சேரி வாத்தியத்தை உலகத்துக்குக் கொடுத்தது இந்த ஊர். மான்பூண்டியா பிள்ளை, பஜனையில் தட்டுகிற சாதாரணக் கருவி போலிருந்த ஒன்றை எடுத்து, உடும்புத் தோல் போர்த்தி, லய வித்தைக்கெல்லாம் ஈடுகொடுக்கும் வாத்தியமாக மேடையேற்றினார். அவருடைய சீடர்தான் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகன், இடதுகையால் மிருதங்கம் வாசித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த பழனி சுப்பிரமணிய பிள்ளை. "பேருல பழனி, கையில புதுக்கோட்டை" என்பார் முன்வரிசைக்காரர். உடும்பு பாதுகாக்கப்பட்ட விலங்கு, தோல் கிடைப்பது இப்போது குதிரைக்கொம்பு. பிடி மட்டும் இவரிடம் இருக்கிறது.

வெளியூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தால் ஒரு வேன் பிடித்துக் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போவார். ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மலைச்சரிவில், குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், சுரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏழு பகுதி, சுரங்கள் நாலு நாலாக வரிசைகட்டி நிற்கும். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்பது பழைய கருத்து. ஏழாம் நூற்றாண்டா, பிறகா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம்மவருக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. காற்றில் விரலை ஓட்டிக்கொண்டே பாடிக் காட்டுவார். கேட்டால் மோகனம் மாதிரி இருக்கும். "என்ன ராகம் சம்பந்தி?" என்று ஒருவர் கேட்டபோது, "பல்லவ ராகம்" என்று கண்ணிமைக்காமல் சொன்னார். கிரந்தம் படிக்கத் தெரிந்தவர் அந்த வேனில் இல்லை.

இந்த ஊரில் ரசிகர் சண்டையும் பழைய சரக்குதான். பி.யூ.சின்னப்பா என்றால் புதுக்கோட்டை உலகநாதப் பிள்ளை சின்னப்பா. முதலெழுத்திலேயே ஊர் உட்கார்ந்திருக்கிறது. எதிர்முகாமில் எம்.கே.தியாகராஜ பாகவதர், 55 கிலோமீட்டர் தள்ளித் திருச்சியில். 1944-இல் வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. அதே ஆண்டு வந்த 'ஜகதலப்பிரதாப'னில் சின்னப்பா ஒரே காட்சியில் ஐந்து பேராக உட்கார்ந்து கச்சேரி செய்தார். பாடுபவரும் அவரே, பக்கவாத்தியமும் அவரே. "பாகவதருக்குப் பக்கவாத்தியம் வெளியாளு. எங்க ஆளுக்கு எல்லாமே சொந்தக் கை" என்பது நம்மவரின் தாத்தா ஆரம்பித்து வைத்த வாதம், இன்றைக்கும் தள்ளுபடி ஆகவில்லை. சம்பாதித்த பணத்தில் சின்னப்பா ஊரில் வீடு வீடாக வாங்கித் தள்ளியதாகவும், இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. அந்த வீடுகளில் ஒன்றைக் காட்டுகிறேன் என்று சொன்னால் அவர் கூடப் போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வீடு.

1951-இல் சின்னப்பா 35 வயதில் இறந்துபோனார். சண்டை மட்டும் ஆயுள் சந்தா கட்டியது போல இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இத்தனை பெருமை பேசுகிறவர் சின்ன வயசில் எதைக் கேட்டார்? இலங்கை வானொலி. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்துக் குரல் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி கேட்கும். டவுனிலும் ஏரியலைக் கொஞ்சம் திருகினால் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து நடவுப் பாட்டை முனகினால், "சும்மா இரு அப்பத்தா, பாட்டு கேக்குது" என்று அதட்டுவார். அப்பத்தாவும் வாயை மூடிக்கொள்ளும். அது பாடியதும் பாட்டு என்று அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, அப்பத்தாவுக்கே தோன்றவில்லை.

பிறகு கேசட் காலம். ரெக்கார்டிங் சென்டரில் ஒரு வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்பார். அத்தனையும் இளையராஜா. ராஜாவைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று அடிக்கோடு வேறு போட்டிருப்பார். 60 நிமிஷக் கேசட்டில் எழுதிக் கொடுத்த பாட்டெல்லாம் ஏறிய பிறகு கடைசியில் நாலைந்து நிமிஷம் மிஞ்சும். கடைக்காரர் அதைச் சும்மா விடமாட்டார். கைக்கு வந்த எதையாவது பதிந்துவிடுவார்: நாகூர் ஹனிபா, ஒரு கஜல், ஒரு தடவை பாதியில் அறுந்துபோன போனி எம். முன்வரிசைக்காரரின் ரசனை மாறிய வரலாற்றை எழுதப் போனால், அது இளையராஜாவால் மாறவில்லை, கேசட்டின் வால்பகுதியால் மாறியது என்றுதான் எழுத வேண்டும். ஹனிபாவின் குரலுக்காக முதல் பக்கத்தை ஓட்டித் தள்ளிக் கேட்டதை இன்றுவரை அவர் வெளியில் ஒத்துக்கொண்டதில்லை.

1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தது. "கம்ப்யூட்டர் தட்டுது, மனுஷன் எங்கய்யா?" என்று தீர்ப்பு எழுதினார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது அவருடைய அப்பா எழுதிய தீர்ப்பில் கம்ப்யூட்டருக்குப் பதிலாகப் பறை இருந்தது, மற்றபடி எழுத்துக்கு எழுத்து அதேதான். இப்போது அதே ரோஜா காலத்துப் பாட்டு கடையில் ஓடினால் கண்ணை மூடிக்கொள்கிறார். "இதெல்லாம் பாட்டு. இப்ப வர்றது சத்தம்." சத்தம் என்று அவர் இன்றைக்கு ஒதுக்குவதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2045 வாக்கில் கண்ணை மூடிக் கேட்பார்.

திருத்தமும் ஒரு தடவை நடந்தது. 2018-இல் களபத்துக்காரர் செந்தில் கணேஷ் தொலைக்காட்சியில் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசன் பட்டத்தை வென்றார். எல்லாம் நாட்டுப்புறப் பாட்டு. பிறகு அவரும் மனைவி ராஜலட்சுமியும் பாடிய 'சின்ன மச்சான்' சினிமாவுக்கே போனது. பட்டம் வென்ற வாரம் புதுக்கோட்டை மாவட்டத்து டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. முன்வரிசைக்காரர் ஒரே இரவில் கிராமியக் கலைக் காவலர் ஆனார். "இது நம்ம மண்ணுப் பாட்டுய்யா. எங்க அப்பத்தா பாடும், நான் பக்கத்துல உக்காந்து கேப்பேன்." அங்கேயும் முன்வரிசைதான். அப்பத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் ஊகிக்க வேண்டாம்.

வள்ளி திருமணம் நாடகம் போட்டால் இன்றைக்கும் போவார், அதில் குறை சொல்ல முடியாது. நாடக நடிகர் சங்கம் உள்ள ஊர் இது. சாயங்காலமே ஆள் விட்டு மேடைக்கு முன்னால் பாய் போட்டு இடம் பிடித்துவிடுவார். ராத்திரி பத்து மணிக்குப் பபூன் வந்து சிரிக்க வைப்பார். ராஜபார்ட் தலைகாட்ட நடுநிசி தாண்டும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது, இடம் பிடித்த பாயில் முன்வரிசைக்காரர் குறட்டையில் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். பொழுது விடிந்ததும் எழுந்து, ஆர்மோனியக்காரர் விடியக்காலையில் எடுத்த பூபாளத்தை வழிநெடுக வர்ணித்துக்கொண்டு வீடு திரும்புவார்.

ஆர்கெஸ்ட்ராவில் அந்தச் சௌகரியம் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்ததிலிருந்து, குத்துப்பாட்டு தொடங்கும் நேரத்தில் போலீஸ்காரர் மேடையோரம் வந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்வரிசைக்காரருக்கு இது ஒரு வரப்பிரசாதம். விடிய விடியப் பாடிய காலம் என்று சொல்ல அவரிடம் ஒரு காலம் சேர்ந்துவிட்டது.

ஒரே ஒரு கச்சேரி அவரை ஏமாற்றியது. 2023 செப்டம்பர் 10, சென்னைப் பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்'. மழையால் ஒரு முறை தள்ளிப்போய் நடந்தது. டிக்கெட் வைத்திருந்த பலர் நெரிசலில் உள்ளே போகவே முடியவில்லை. ரகுமான் பிறகு வருத்தம் தெரிவித்து, டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். மகள் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டோடு நம்மவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினார். ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டாவது மாதம், "வெளியில நின்னு கேட்டா பேஸ் என்னமா வருது தெரியுமா?" என்றார். வெளியே நின்றவர்களிலும் அவர்தான் முன்வரிசை.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி. "ராஜா இன்னைக்கு அப்பல்லோவில" என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டதும் பதறிப்போய் நாலு பேருக்குப் போன் போட்டுவிட்டார். அது அரங்கத்தின் பெயர் என்று தெரிந்த பிறகே மாத்திரை போட்டுப் படுத்தார். அதற்கு முன் சிம்பொனி எதுவும் கேட்டதில்லை. கேட்காததால் கருத்துச் சொல்லத் தடை ஏதும் இல்லை: "நாலு பகுதியாம். நம்ம ஆளு நாலையும் ஒரே மூச்சுல முடிச்சிருப்பாரு."

போன மாசித் திருவிழாவின்போது அதே டீக்கடை. அக்கா மகன் கல்லூரி நண்பர்கள் நாலு பேரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இவர் பின்பக்கம் தூணோரம் பேப்பருக்குள் இருந்தார். பையன்கள் ஏதோ கோவையில் நடந்த அனிருத் கச்சேரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அதெல்லாம் என்னடா லைவ்? நம்ம திருவப்பூர்ல ஒரு தடவை ஆர்கெஸ்ட்ரா. சரணத்துக்கு நடுவுல கரண்ட் போயிருச்சு. ஜெனரேட்டர்காரன் பரோட்டா திங்கப் போயிட்டான். பாடகரு மைக்கை வச்சுட்டு வெறுந்தொண்டையில பாடுனாரு பாரு... கண்ணுல தண்ணி அவருக்கு. நான் முன்வரிசைடா."

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. பையன் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுபோனான். அவன் பிறந்தது 2005-இல்.

"அது ரெண்டாவது பாட்டா, மூணாவது பாட்டா மாப்ள?" என்று கேட்டார் முன்வரிசைக்காரர்.

"ரெண்டாவது, மாமா."

"மூணாவது. தபேலாக்காரரை விட்டுட்ட பாரு. அவரு ஒருத்தருதான் கூட நின்னாரு" என்று சொல்லிவிட்டு, அந்த ஐந்து பேருக்கும் சேர்த்து டீ சொன்னார்.