புரொப்போசல் எழுதுற தம்பிமாருக்கு

ஹெந்தளைத் தம்பிமாரே, சங்கத்துக்கு வெளிநாட்டுச் சல்லி எடுக்க இரவிரவாப் புரொப்போசல் எழுதுறியளாம். நல்லது. நான் ஐஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். எண்டாலும் சங்கங்கள் பிறந்ததையும் செத்ததையும் கனக்கப் பாத்தவன். ஆனபடியால் கேக்காமலே புத்தி சொல்லுறன்.

முதல்ல எங்கட ஒழுங்கையை மறந்துபோடுங்கோ. மழைக்குக் கான் நிரம்புது, பிள்ளையளுக்குப் பின்னேர வகுப்பு வைக்க இடமில்லை எண்ட கதையெல்லாம் ஆருக்கு வேணும்? இந்த வருசம் டொனருக்கு எதில ஆசை எண்டு விசாரியுங்கோ. ஒருக்கால் சமாதானம், ஒருக்கால் காலநிலை, ஒருக்கால் இளைஞர் தலைமைத்துவம். அதுக்கேத்த மாதிரி ஒழுங்கையை வளைச்சுப்போட்டாச் சரி.

காசு வந்தோண்ண பெரிய பெனர் அடியுங்கோ. வறுமை ஒழிப்பைப் பற்றி ஏசி ஹோட்டலில பேசுங்கோ. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கணக்குப் புத்தகத்துக்கு அவசரமில்லை. ஓடிட்டர் வாறதுக்கு முதல் நாள், ஒரே பேனையால ஒரு வருசத்தையும் எழுதலாம்.

சிரிக்கிறியள். இப்பிடி நடந்த சங்கங்களின்ர பெயர்ப்பலகை இன்னும் தொங்குது, ஆக்களைத்தான் காணேல்லை.

இனி உள்ளதைச் சொல்லுறன். ஜப்பான்காரர் 1989 இல தொடங்கின அடிமட்ட நன்கொடைத் திட்டம் ஒண்டு இருக்கு. தூதரகத்தில கேக்கலாம். நல்ல தொகையாவே குடுப்பினம். வாய் ஊறுதோ? பொறுங்கோ. கட்டடம், உபகரணம் எண்டாத் தருவினம். சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் ஒரு சதமும் இல்லை. கட்டினதைப் பிறகு ஆர் பராமரிக்கிறது, அதுக்குக் காசு எங்கால எண்டும் கேப்பினம். ஒல்லாந்தன் 1708 இல கட்டின தொழுநோய் ஆஸ்பத்திரி இதே ஹெந்தளையில இண்டைக்கும் இருக்கு. கட்டினவன் போன பிறகும் கதவைத் திறக்க ஆக்கள் இருந்தபடியால்தான் அது நிலைச்சது. உங்கட புரொப்போசலில அந்தப் பக்கத்தைக் காணேல்லையே?

உள்ளூரிலயும் குடுக்கிறவை இருக்கினம். 1999 இல கொழும்பில குண்டுக்குப் பலியான நீலன் திருச்செல்வத்தின்ர பேரில இருக்கிற டிரஸ்ட், சின்ன அமைப்புகளுக்கும் உதவுது. எங்க போனாலும் முதல்ல பதிவைத்தான் கேப்பினம்: தொண்டு அமைப்புகளைப் பதியிற 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ பதிஞ்சிருக்கிறியளோ? வங்கிக் கணக்கு சங்கத்தின்ர பேரிலயோ, தலைவற்ற பேரிலயோ?

ஒருத்தரை மட்டும் நம்பியும் இருக்காதேங்கோ. 2025 ஜனவரியில வாஷிங்டனில ஒரு கையெழுத்து விழுந்தது. யுஎஸ்எயிட் காசு நிண்டுது. அதை நம்பி இலங்கையில நடந்த வேலையளும் அந்தரத்தில நிண்டுது.

எங்கட மரண உதவிச் சங்கத்தைப் பாருங்கோ. லெட்டர்ஹெட் இல்லை, லோகோ இல்லை. மாசச் சந்தாவும் ஒரு சீ.ஆர். கொப்பியும்தான். செத்த வீட்டுக்கு ஐயரோ பாதரோ வர முதல் கதிரையும் பந்தலும் வந்துடும். ஆருக்கு உதவினது, எவ்வளவு, ஆர் சாட்சி எண்டு டொனர் கேக்கிற அவ்வளவும் அந்தக் கொப்பியில கிடக்கு. எழுதினவருக்கு இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது.

ஆனபடியால், முதல்ல நீங்களே சந்தா போட்டு, ஆற்றையேன் விறாந்தையில ஒரு வருசம் பின்னேர வகுப்பை நடத்துங்கோ. கூட்டக் குறிப்பு, வரவுசெலவு, பற்றுச்சீட்டு எல்லாத்தையும் அண்டண்டைக்கே எழுதி வையுங்கோ. பிறகு, நடக்கிற வேலைக்கு எது குறையுதோ அதை மட்டும் கேளுங்கோ. காசு வந்தா வகுப்புக்குக் கூரை வரும். வராட்டிலும் வகுப்பு நடக்கும்.

காசு வராட்டி மூடிப்போடுற சங்கம் எண்டா, அதை இப்பவே மூடுங்கோ. டொனருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.