அழிப்பு இலாகாவுக்கு ஒரு விண்ணப்பம்

மெட்டா நிறுவனத்தாரின் பேஸ்புக் தளத்தில் தகாதவற்றைக் களைந்தெறியும் பெரும்பணியை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஒத்தாசையாக இராப்பகல் உழைக்கும் இயந்திரங்களுக்கும் அனந்தகோடி நமஸ்காரம்.

தங்கள் இலாகாவின் சுறுசுறுப்பை உலகம் இன்னும் போதிய அளவு பாராட்டவில்லை என்பது அடியேனுடைய நெடுநாளைய மனக்குறை. மற்ற ஆபீசுகளில் ஒரு காகிதம் மேஜைக்கு மேஜை நகர்வதற்குள் மனுப் போட்டவனுக்கு மீசை நரைத்துவிடுகிறது. தாங்களோ, 2016-ஆம் ஆண்டில் நார்வே தேசத்து எழுத்தாளர் டாம் எகெலாண்ட், யுத்தங்களின் சரித்திரத்தை மாற்றிய படங்கள் சிலவற்றை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றைத் தயக்கமின்றி இனங்கண்டு நீக்கி அருளினீர்கள். 1972 ஜூன் 8 அன்று, வியத்நாமில் டிராங் பாங் கிராமத்தருகே நேபாம் நெருப்பு விழ, தீப்பற்றிய உடுப்பைக் களைந்துவிட்டு அலறிக்கொண்டு சாலையில் ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமியின் படம் அது. குண்டைப் பற்றித் தங்கள் விதிகளுக்கு ஆட்சேபம் எழவில்லை. குழந்தையின் மேல் துணியில்லை என்பதுதான் அவற்றின் கண்ணை உறுத்தியது.

இச்செய்தியை அப்படத்துடனேயே பிரசுரித்த நார்வேயின் அஃப்டன்போஸ்டன் பத்திரிகைக்கு, படத்தை எடுத்துவிடவும், இல்லையேல் மங்கலாக்கவும் சொல்லி ஹாம்பர்க் நகரத்துத் தங்கள் காரியாலயத்திலிருந்து ஓலை போயிற்று. ஆசிரியர் எஸ்பன் எகில் ஹான்சன் பதில் எழுதுமுன், இருபத்து நான்கு மணி நேரம் நிறைவதற்குள்ளாகவே, தாங்களே அதை நீக்கிச் சிரமத்தைக் குறைத்தீர்கள். அவர் மனம் நொந்து, தங்கள் எஜமானர் ஜூக்கர்பெர்க் அவர்களுக்குத் தம் பத்திரிகையின் முதற்பக்கத்திலேயே கடிதம் எழுதினார். (காகிதத்தில் அச்சேறியதை அழிக்கத் தங்களிடம் பொத்தான் இல்லாதபடியால் அது தப்பித்தது.) நார்வேயின் அன்றைய பிரதம மந்திரி எர்னா சோல்பர்க் அம்மையார் அதே படத்தை இட்டபோது அதுவும் போயிற்று. ஏழைக்கொரு நீதி, மந்திரிக்கொரு நீதி என்னும் பாரபட்சம் தங்களிடம் எள்ளளவும் இல்லை. 1973-இல் புலிட்சர் பரிசு பெற்ற அப்படம் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்தது என்ற ஞானோதயம், இவ்வளவு கூச்சலுக்குப் பின் தங்களுக்கு உண்டாயிற்று. தாமதமாக வந்தாலும் ஞானம் ஞானந்தானே!

ஆனால் பயிற்சி விட்டுப்போகலாகாது என்றோ என்னவோ, அடுத்த ஆண்டே வில்லெண்டார்ஃப் வீனஸைப் பிடித்தீர்கள். ஆஸ்திரியாவில் 1908-இல் கண்டெடுக்கப்பட்ட, பதினோரு சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்தச் சுண்ணாம்புக்கல் ஸ்திரீ சுமார் 30,000 ஆண்டுகளாக எவருடைய ஒழுக்கத்தையும் கெடுக்காமல் இருந்துவந்தவள். அவளைப் பாதுகாக்கும் வியன்னா அருங்காட்சியகத்தார் முறையிட்ட பின்னரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டீர்கள். பிரேசிலில் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கத் தங்கள் சகோதரத் தளமான இன்ஸ்டாகிராமில் இட்ட படங்களைத் தங்கள் இயந்திரம் 2020-இல் நீக்கிய விவகாரத்தில் காட்டிய சாமர்த்தியமோ தனி ரகம்: தங்கள் முடிவுகளைப் பரிசீலிக்கும் மேற்பார்வைக் குழு விசாரணைக்கு எடுத்தவுடன் படங்களைத் திரும்ப வைத்துவிட்டு, இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள்!

இத்தனை வேகமுடைய இலாகாவின் மற்றொரு ஜன்னலில் நிலவும் நிதானந்தான் அடியேனைத் திகைக்கச் செய்கிறது. ஒருவன் தன் கணக்கையும், தான் எழுதியதையும், தன் முகத்தையும் தானே அழித்துவிடக் கோரினால், மனம் மாறக்கூடுமென்று 30 நாள் தவணை. பின்னர் எல்லாவற்றையும் துடைத்து முடிக்க, தொடங்கிய நாள்முதல் 90 நாள் வரை ஆகலாமென்று அறிவிப்பு. பிறர் பொருளை எறிவதற்கு ஒரு நாளும், அவனவன் பொருளை அவனவன் எறிவதற்கு ஒரு பருவகாலமும் ஆகின்றன.

ஆதலின் அடியேனுடைய பிரார்த்தனை மிக எளியது. வேக ஜன்னலில் இருப்பவரையும் நிதான ஜன்னலில் இருப்பவரையும் நாற்காலி மாற்றி உட்காரவைக்குமாறு கோருகிறேன். இனி நார்வேயிலிருந்து ஒரு படம் வருமானால், அழிக்கத்தான் வேண்டுமா என்று அந்த நிதானக்காரர் முப்பது நாள் யோசிப்பார். விலகிப்போக விரும்புகிறவன் காலையில் மனுப் போட்டு மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். புது உத்தியோகம் எதுவும் ஏற்படுத்த வேண்டியதில்லை. சம்பளத்திலும் மாறுதல் தேவையில்லை.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள கணக்குதாரன்