ஒற்றைக் கண் டாக்டரும் ஓட்டைக் காரும்

புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு, ஏசி போட்ட லேப், கோடிக்கணக்கில் மானியம், எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் 'மேலும் ஆராய்ச்சி தேவை' என்று ஒரு வரி. டெனிஸ் பர்கிட்டிடம் இந்தப் பட்டியலில் கோட்டு மட்டும்தான் இருந்தது. கண்கூட ஒன்றுதான். ஆனாலும் ஒரு புற்றுநோய்க்கே இந்த ஆளின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

1911-இல் அயர்லாந்தின் எனிஸ்கில்லனில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் பர்கிட், ஃபெர்மானா கவுண்டியின் சர்வேயர். ரோடு, பாலம் பார்க்கிற இன்ஜினீயர். அந்த உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்கள் என்பது பற்றி நம் ஊரில் ஒரு அபிப்பிராயம் உண்டு. இவரோ தோட்டத்து ராபின் குருவிகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி, எந்தக் குருவிக்கு எந்த வேலி வரை பாத்தியதை என்று மேப் போட்டுக்கொண்டிருந்தார். மனுஷருக்கு நிறக்குருடு. கலர் கலராக மாட்டினால் தனக்கே வித்தியாசம் தெரியாது என்பதால் வெவ்வேறு வடிவ உலோக வளையங்களை மாட்டினார். குருவிக்குப் பட்டா போட்டுக் கொடுத்த குடும்பம் அது. பிள்ளை பின்னால் செய்த காரியங்களுக்கெல்லாம் இதுவே முன்னோட்டம்.

பிள்ளைக்குப் பதினொரு வயதில் பையன்களின் கல்லெறிச் சண்டையில் மூக்குக்கண்ணாடி உடைந்து ஒரு கண் போனது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அப்பா வழியில் இன்ஜினீயரிங் சேர்ந்தார். 'இந்தப் பையன் டிகிரி வாங்குவான் என்று தோன்றவில்லை' என்கிற பாணியில் ஆசிரியர் ஒருவர் அப்பாவுக்கு எழுதிப் போட்டார். பையன் மருத்துவத்துக்கு மாறினார். தேவன் அழைத்தார் என்பது அவர் சொன்ன காரணம். மனுஷர் கடைசி வரை அசைக்க முடியாத விசுவாசி. படித்து, சர்ஜனாகி, ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன் என்று விண்ணப்பித்தால், ஒற்றைக் கண் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் உலகப்போர் வந்தது. போர் வந்தால் கண்ணை எண்ண யாருக்கு நேரம்? ராணுவ டாக்டராகக் கென்யா, சோமாலிலாந்து, இலங்கை என்று சுற்றினார். போர் முடிந்ததும், 1946-இல் உகாண்டா. அதிலிருந்துதான் கதை.

1957. கம்பாலாவின் முலாகோ ஆஸ்பத்திரி. ஹியூ டிரோவெல் என்ற சக டாக்டர், 'இதைக் கொஞ்சம் பாருங்கள்' என்று ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் காட்டினார். மேல்தாடை, கீழ்த்தாடை, இடம், வலம் என நாலு பக்கமும் வீக்கம். சீழ்க்கட்டி என்றால் ஒரு பக்கம் வரும். புற்று என்றாலும் ஒரு பக்கம்தான் வரும். நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் எது வரும்? பர்கிட்டுக்குத் தெரியவில்லை. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து ஜிஞ்சா ஆஸ்பத்திரி வார்டில் ரவுண்ட்ஸ். தற்செயலாக ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். புல்தரையில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிற ஒரு குழந்தைக்கு அதே முகம். ரவுண்ட்ஸை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார். தொட்டுப் பார்த்தால் தாடை மட்டும் இல்லை, வயிற்றிலும் கட்டி. தாயையும் பிள்ளையையும் தன் காரிலேயே ஏற்றிக் கம்பாலாவுக்குக் கூட்டி வந்தார்.

இதில் அவர் 'கண்டுபிடித்தார்' என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். இந்தக் கட்டி அந்தத் தாய்மார்களுக்குத் தெரியும். பல வருஷம் முன்பே கம்பாலாவின் மெங்கோ மிஷன் ஆஸ்பத்திரியில் ஆல்பர்ட் குக் என்பவர் இதே வீக்கத்தைக் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை நாள் நடந்தது என்னவென்றால், தாடையில் வந்தால் அது தாடைப் புற்று. கண்ணில் வந்தால் கண் புற்று. வயிற்றில் வந்தால் சிறுநீரகமோ வேறேதோ. ஒரே ஆள் நாலு தெருவில் நாலு ரேஷன் கார்டு வைத்திருந்த மாதிரி. பர்கிட் செய்தது, எல்லாக் கார்டையும் ஒரே மேஜையில் கொட்டியது. பழைய ரெக்கார்டுகளைப் புரட்டினார். தாடைக் கட்டி இருந்த குழந்தைகளுக்கு மற்ற கட்டிகளும் சேர்ந்தே இருந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்த கிரெக் ஓகானர் போன்ற நோயியல் நிபுணர்கள், எல்லாம் ஒரே ஜாதி, லிம்போமா என்றார்கள். அதாவது நிணநீர்த் திசுவில் பிறக்கிற புற்று, ரத்தப் புற்றுக்குப் பங்காளி.

1958-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் கட்டுரை வந்தது. உலகம் கொட்டாவி விட்டது.

நம் ஆள் அசரவில்லை. அப்பா குருவிக்குச் செய்ததைக் கட்டிக்குச் செய்வோம் என்று இறங்கினார். நோயாளியின் படம் போட்ட துண்டறிக்கை அச்சடித்து ஆப்பிரிக்காவில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி, மிஷன் ஆஸ்பத்திரிக்கெல்லாம் தபாலில் அனுப்பினார். 'இந்த மாதிரி குழந்தை உங்கள் ஊரில் உண்டா?' கேள்வி அவ்வளவுதான். பதில் வர வர, சுவரில் மாட்டிய மேப்பில் குண்டூசி ஏறியது. கண்டத்தின் இடுப்பில் பெல்ட் கட்டியது போல ஊசி வரிசை. கிழக்குக் கடற்கரையோரம் மட்டும் ஒரு வால் தெற்கே இறங்கியது.

பெல்ட் எங்கே முடிகிறது என்று தபாலில் கேட்டால் சரிவராது, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று முடிவு. 1954 மாடல் ஃபோர்டு ஸ்டேஷன் வேகன் ஒன்று, 250 பவுண்டுக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினார். கூட வந்தவர்கள் டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரண்டு டாக்டர்கள். வில்லியம்ஸுக்குக் கூடுதல் தகுதி, கார் ரிப்பேர் தெரியும். அந்த வண்டிக்கு மருத்துவ அறிவைவிட அதுதான் தேவைப்பட்டது. 1961 அக்டோபரில் கிளம்பி பத்து வாரத்தில் பத்தாயிரம் மைல். வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள். ஒவ்வொன்றிலும் இறங்கிப் படத்தைக் காட்டுவது, 'பார்த்ததுண்டா?' என்று கேட்பது, அடுத்த ஊர். மொத்தச் செலவு 678 பவுண்டு. இன்றைக்கு ஒரு மாநாட்டின் டீ, பிஸ்கட் பில் இதைத் தாண்டிவிடும்.

திரும்பி வந்தபோது கையில் இருந்த விஷயம் இது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஐயாயிரம் அடி உயரத்துக்கு மேலே இந்தக் கட்டி இல்லை. தெற்கே போகப் போக அந்த உயர எல்லை இறங்கிக்கொண்டே வருகிறது. புற்றுநோய் ஆல்டிமீட்டர் வைத்துக்கொண்டா திரியும்? உயரம் அல்ல, வெப்பமும் மழையும்தான் கணக்கு என்று புரிந்தது. என்டெபியில் வைரஸ் ஆய்வு நிலையம் நடத்திய அலெக்சாண்டர் ஹாடோ மேப்பைப் பார்த்துவிட்டு, இது கொசு இருக்கிற ஊர்களின் மேப் ஆயிற்றே என்றார். ஆக, ஏதோ ஒரு வைரஸ், அதைச் சுமக்கிறது கொசு. கேஸ் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை.

பயணத்துக்குச் சில மாதம் முன்பு, 1961 மார்ச்சில், பர்கிட் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சுப் பேசியிருந்தார். கேட்க வந்தவர்களில் டோனி எப்ஸ்டைன் ஒருவர். கோழிக்குப் புற்று உண்டாக்கும் வைரஸைக் கட்டிக்கொண்டு அழுதவர். கோழிக்கு உண்டென்றால் மனுஷனுக்கும் இருக்காதா என்பது அவர் நப்பாசை. பேச்சு முடிவதற்குள் அவருக்குப் பொறி தட்டிவிட்டது. அன்று தொடங்கிக் கம்பாலாவிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் கட்டித் துண்டுகள் பறந்தன. இரண்டு வருஷத்துக்கு மேல் தேடியும் வைரஸ் சிக்கவில்லை. 1963 டிசம்பரில் லண்டனில் பனிமூட்டம். விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள். பார்சல் லேட். திறந்து பார்த்தால் திரவம் கலங்கிக் கிடக்கிறது. கெட்டுப்போச்சு என்று தொட்டியில் ஊற்ற வேண்டியது. என்ன தோன்றியதோ, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா இல்லை. கட்டியிலிருந்து உதிர்ந்து, உயிரோடு மிதந்த செல்கள். பயண ஆட்டத்தில் தானாக உதிர்ந்தவை. அவற்றை வளர்த்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டைன் மைக்ராஸ்கோப்பை அணைத்துவிட்டு, கோட்டுக்கூடப் போடாமல் பனியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாராம். 1964 மார்ச்சில் எப்ஸ்டைன், டிரினிடாட்காரர் பெர்ட் அச்சாங், இவோன் பார் மூவர் பெயரிலும் லான்செட்டில் கட்டுரை வந்தது. வைரஸுக்கு எப்ஸ்டைன்-பார் என்று பெயர் விழுந்தது. அச்சாங் எங்கே போனார் என்று கேட்காதீர்கள். அந்த நியாயம் நம் சினிமா டைட்டிலிலும் கிடையாது.

வேடிக்கை, இந்த வைரஸுக்குக் கொசு தேவையே இல்லை. எச்சில் போதும். உலகத்தில் பெரியவர்கள் பத்தில் ஒன்பது பேர் உடம்பில் இது சத்தமில்லாமல் குடியிருக்கிறது, உங்களிடமும் இருக்கலாம். கொசு செய்தது வேறு: மலேரியாவைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியைக் கவிழ்த்து, வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்டது. முதல் குற்றவாளி என்று பிடித்த ஆள் கடைசியில் உடந்தை.

வைத்தியத்தில்தான் பர்கிட்டின் ஏழ்மை கைகொடுத்தது. உகாண்டாவில் கதிர்வீச்சு எந்திரம் கிடையாது. தாடையை வெட்டினால் குழந்தையே மிஞ்சாது. மிச்சமிருந்தது, அப்போது ரத்தப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த கீமோ மருந்துகள். நியூயார்க்கின் ஜோசப் பர்ச்சினால் போன்றவர்கள் உதவ, மெத்தோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு என்று போட்டார். ஓரிரு டோஸிலேயே சில குழந்தைகளின் முகம் வற்றிப் பழையபடி ஆனது. முழு கோர்ஸ் முடியும் முன்பே வீட்டுக்குக் கூட்டிப்போகப்பட்ட சில பிள்ளைகளும் பிழைத்தார்கள். அறிவியல் விளக்கம் எளிது: மனுஷ உடம்பில் இவ்வளவு வேகமாக வளர்கிற கட்டி வேறு இல்லை, ஓரிரு நாளில் இரட்டிப்பாகும், பெருகுகிற செல்லைத்தான் கீமோ அடிக்கும். இன்று பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகள் பத்தில் சுமார் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த ஆப்பிரிக்காவில் அந்தக் கணக்கு வெகு கீழே. இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1966-இல் லண்டன் திரும்பிய பர்கிட் ஓய்வெடுத்திருக்கலாம். போர்க்கப்பலில் மாலுமிகளுக்குத் தவிடு ஊட்டிய பீட்டர் கிளீவ் என்ற கடற்படை டாக்டரின் சகவாசம் கிடைத்தது. அப்புறம் என்ன, அதே ஆஸ்பத்திரிகளுக்கு அதே தபால்; இந்த முறை கேள்வி, குடல்வால் அழற்சி உண்டா, பித்தப்பைக் கல் உண்டா, மலச்சிக்கல் உண்டா? வெள்ளைக்காரனுக்கு வருகிறது, கிராமத்து ஆப்பிரிக்கனுக்கு வரவில்லை. காரணம் நார்ச்சத்து என்று பிடித்துக்கொண்டார். காலையில் புதர் ஓரம் நடந்து, கிடந்ததைப் போட்டோ எடுத்து, ஸ்லைடு போட்டு, கோட்டு சூட்டு போட்ட சபைகளில் காட்டினார். ஒரு நாட்டில் மலம் சிறுத்தால் ஆஸ்பத்திரி பெருக்கும் என்பது அவரது மேடைப் பஞ்ச். சொன்னதில் பாதி நின்றது, பாதி இன்னும் வழக்கில் இருக்கிறது. 1972-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் கீமோவுக்காக லாஸ்கர் பரிசும் வந்தன. 1993-இல் காலமானார்.

அதே 1972-இல் லான்செட்டில் அவரும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சின்னச் சின்னக் குண்டுகளை விழுங்கச் செய்து, வெளியே வருவதைப் பையில் சேகரித்து, எடை போட்டு, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பார்ப்பது. உகாண்டா கிராமத்தார்: சுமார் 36 மணி நேரம், நாளுக்கு 470 கிராம். இங்கிலாந்துக் கடற்படைக்காரர்களும் மனைவிமாரும்: 83 மணி நேரம், 104 கிராம். பட்டியலில் தென்னிந்திய நர்ஸ்களும் உண்டு: 44 மணி நேரம், 155 கிராம். இது புரோட்டா இன்னும் இவ்வளவு பரவாத காலத்துக் கணக்கு. திரும்ப எடுக்க யாராவது கிளம்பினால் நான் வாழ்த்து அனுப்புகிறேன், பை அனுப்ப மாட்டேன்.